மீனை நிறுத்திவிட்டு மீனெண்ணெய் வாங்குகிறோம்

குழந்தையின் முழங்கை மடிப்பில் தோல் சிவந்து, நீர் கசிந்து, இரவெல்லாம் அரிக்கும் கரப்பான் (எக்சிமா) வந்தால், தோட்டத்து வீட்டில் முதலில் மாறுவது சாப்பாடு. கருவாடு, இறால், நண்டு, கத்தரிக்காய், கடைசியில் மீன் என்று எல்லாமே ‘கரப்பான் பண்டம்’ ஆகித் தட்டிலிருந்து விலகும். மலேசியாவின் போர்ட்டிக்சன் மாவட்டத்துச் சுவாவைச் சுற்றிய தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. இந்தப் பத்தியம் மட்டும் பாட்டி சொன்னபடியே நிற்கிறது.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உணவிலுள்ள கொழுப்புக்கும் தோலுக்கும் உறவு உண்டு என்பதை அறிவியல் 1929-இல் கண்டது. அந்த ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்து எலிகளை வளர்த்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது. லினோலெயிக் அமிலம் கொடுத்ததும் தேறின. 1963-இல் ஹான்சன் என்ற குழந்தை மருத்துவர் 400-க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளைக் கவனித்து, இந்த அமிலம் மிகக் குறைந்த பால்மாவு குடித்தவர்களின் தோல் வறண்டு உரிவதைப் பதிவு செய்தார். தோலின் மேலடுக்கில் நீர் வெளியேறாமல் தடுக்கும் கொழுப்பு, இந்த அமிலத்தைக் கொண்டே கட்டப்படுகிறது. ஆக, பாட்டி பார்த்த திசை சரி. இறால் தின்ற சிறிது நேரத்தில் உதடு வீங்கித் தடிப்பு வரும் பிள்ளைக்கு அதை நிறுத்தியதும் சரி. வறண்ட தோலில் தேங்காய் எண்ணெய் தடவியதற்கும் ஆதாரம் உண்டு. பிலிப்பீன்ஸில் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில், கனிம எண்ணெயைவிடச் சுத்தத் தேங்காய் எண்ணெய் கரப்பானை நன்றாகத் தணித்தது.

பத்தியம் தவறுவது, ஒருவருக்கு ஒவ்வாததை எல்லாருக்கும் விலக்கும்போது. ஒவ்வாமை இருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. தோல் நோய் என்றாலே மீன் கூடாது. மேற்குச் சுவீடனில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பின்தொடர்ந்தபோது, ஒன்பது மாதத்துக்குள் மீன் சாப்பிடத் தொடங்கியவர்களிடம் ஒரு வயதில் கரப்பான் குறைவாகவே இருந்தது. மீன்தான் காத்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மீனே கரப்பானைக் கொண்டுவருகிறது என்ற பேச்சுக்கு அது நேர் எதிராக நிற்கிறது. வளரும் பிள்ளையிடமிருந்து புரதத்தையும் ஒமேகா-3 கொழுப்பையும் பறிப்பதற்கு இன்னும் வலுவான காரணம் வேண்டும்.

எனக்கு மனம் வலிப்பது அடுத்த கட்டத்தில். கெம்போங் மீன் குழம்பை நிறுத்திய அதே வீட்டுக்கு, நேரடி விற்பனைக்காரர் மீனெண்ணெய் மாத்திரையோடு வருகிறார். ‘வீக்கத்தைக் குறைக்கும், சொரியாசிஸ்கூடப் போகும்’ என்கிறார். பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஒமேகா-3-இலிருந்து உடல் செய்யும் வேதிப்பொருள்கள், அரக்கிடோனிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பிலிருந்து வருபவற்றைவிட அழற்சியை மென்மையாகவே தூண்டுகின்றன. 1988-இல் பிரிட்டனில் 28 சொரியாசிஸ் நோயாளிகளிடம் நடந்த சோதனையில் எட்டு வாரத்தில் அரிப்பும் செதிலும் குறைந்தன. அதற்கு அவர்கள் விழுங்கியது நாளுக்குப் பத்து மாத்திரை! 1993-இல் நார்வேயில் 145 பேரிடம் நான்கு மாதம் சோதித்தபோது, மீனெண்ணெய் சோள எண்ணெயை வெல்லவில்லை. கரப்பானுக்கென்று விற்ற ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெயின் கதையும் அப்படியே முடிந்தது: பிரிட்டன் 2002-இல் அதன் மருந்து உரிமத்தைத் திரும்பப் பெற்றது, 2013-இல் காக்ரேன் தொகுப்பாய்வு, போலி மாத்திரையைவிட அது மேலானதல்ல என்றது.

கரப்பானுக்குச் செம்பனை எண்ணெய்தான் காரணம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். 2 ரிங்கிட் 50 சென் பாக்கெட் எண்ணெயில் சமைக்கும் குடும்பத்தை வீணாகப் பயமுறுத்தும் பேச்சு அது. செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. லினோலெயிக் அமிலம் 10 விழுக்காடு அளவில் இருக்கிறது. அன்றாடச் சமையலில் சேரும் அந்த அளவே, தோல் உரியும் அளவுக்குப் பற்றாக்குறை வராமல் பார்த்துக்கொள்ளும். இதயத்தை எண்ணி அளவோடு ஊற்றலாம்; கரப்பானுக்காக அஞ்ச வேண்டியதில்லை.

பத்தியத்தின் மிகப் பெரிய கேடு, அது தின்னும் காலம். ‘இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்’ என்று காத்திருக்கையில் சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைக்கிறது. பிள்ளை தூக்கமின்றிப் பள்ளிக்குப் போகிறது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு மருத்துவரைப் பார்க்கலாம், பூசும் மருந்தும் கிடைக்கும். மாத்திரைக்கு எடுத்து வைத்த பணத்தில் மீன் வாங்குங்கள். ஒவ்வாமை என்று மருத்துவர் சொல்லாதவரை, பிள்ளையின் தட்டிலிருந்து அதை எடுக்காதீர்கள்.