இல்லாத மரபணுவுக்குச் சாட்சி

எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு மரங்களின் கொழுந்தில் தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி உட்கார்ந்து சாறு குடிக்கும் சில்லிட் பூச்சி எள்ளைவிடச் சற்றே பெரியது. அறிவியல் பெயர் டயாஃபோரினா சிட்ரி. அது சுமந்துவரும் லிபெரிபாக்டர் என்ற பாக்டீரியா மரத்தின் உணவுக்குழாய்களில் புகுந்துவிட்டால் இலை திட்டுத்திட்டாக மஞ்சளிக்கும். காய் அடிப்புறம் பச்சையாகவே நின்று, கசந்து, உதிரும். கிரீனிங் நோய் இதுதான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பூச்சி 1998-இலும் நோய் 2005-இலும் கண்டறியப்பட்டன. 2003-04 பருவத்தில் 24.2 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலம் அது. 2022-23-இல் கிடைத்தது 1.6 கோடிப் பெட்டிக்கும் குறைவு. சூறாவளிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் தோட்டங்களை ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்து அரித்தது நோய்தான். (நம் கறிவேப்பிலையும் இந்தப் பூச்சிக்கு உணவு. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோவதில் அத்தனை கெடுபிடி இருப்பதற்கு இதுவே காரணம்.)

பூச்சிமருந்தை மட்டும் நம்பிப் பயனில்லை என்றான பிறகு, பூச்சியின் மரபணுக்களில் அதன் பலவீனத்தைத் தேடினார்கள். 2017-இல் வெளியான ஆய்வறிக்கை 530 மரபணு மாதிரிகளை மனிதர்கள் கையால் திருத்தியதாகச் சொல்கிறது. திருத்தியவர்களில் இளங்கலை மாணவர்களும் இருந்தார்கள். மாணவர் கைபட்டதால் தரம் குறைந்திருக்கும் என்ற ஐயத்தை நான் ஏற்கவில்லை. கணினி நிரல் இரண்டு மரபணுக்களை ஒன்றாக ஒட்டிவிடும்; ஒன்றையே இரண்டாக வெட்டியும் விடும். அதைத் திருத்த, உயிரணுவில் உண்மையில் படியெடுக்கப்பட்ட ஆர்என்ஏ துண்டுகளை மரபணுத்தொகுதியின் மேல் பொருத்தி, இடைத்துண்டு (இன்ட்ரான்) தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். இதற்கு வேண்டியது பொறுமை. அது பட்டத்தோடு வருவதில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. அவர்கள் உரை எழுதிய மூலமே சிதைந்த சுவடி. சில்லிட் மரபணுத்தொகுதியின் அந்த முதல் வரைவு லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடந்தது. ஆர்என்ஏ தொகுப்போடு ஒப்பிட்டபோது, சில மரபணுக் குடும்பங்கள் வரைவில் விடுபட்டோ தவறாகக் கோக்கப்பட்டோ இருப்பதை அவர்களே கண்டு எழுதினார்கள். ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. பாட்டு இல்லையென்றால், புலவர் பாடவில்லையா, ஏடு செல்லரித்துப் போயிற்றா?

இந்தக் கேள்வி மிகவும் உறுத்துவது நோய் எதிர்ப்பு மரபணுக்களில். பழ ஈயின் உடலில் கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியா நுழைந்தால், எதிர்ப்பைக் கிளப்பிவிடுவது ஐஎம்டி என்னும் பாதை. சில்லிட்டில் அதன் முக்கிய உறுப்புகளைக் காணவில்லை என்று 2016-இல் ஓர் ஆய்வு அறிவித்தது. லிபெரிபாக்டரும் கிராம்-நெகட்டிவ். காவல் இல்லாத வீட்டில் திருடன் புகுந்தான் என்று கதை கச்சிதமாக முடிந்துவிடுகிறது. கச்சிதம்தான் எனக்கு உதைக்கிறது. இந்தப் பூச்சியின் உடலுக்குள் கார்சொனெல்லா, புரோஃப்டெல்லா என்ற துணைப் பாக்டீரியாக்களும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன. கதவைக் கழற்றியது அவற்றுக்காகவும் இருக்கலாம்.

அதைவிடக் கடுமையான எச்சரிக்கை ரோட்னியஸ் புரோலிக்சஸ். சாகாஸ் நோயைப் பரப்பும் இரத்தம் குடிக்கும் பூச்சி அது. 2015-இல் அதன் மரபணுத்தொகுதி வெளியானபோது ஐஎம்டி பாதையின் சில உறுப்புகள் இல்லை என்றார்கள். 2019-இல் வேறொரு குழு அவற்றைத் தேடிக் கண்டெடுத்ததோடு, அந்தப் பாதை பாக்டீரியாவை எதிர்த்து வேலைசெய்வதையும் காட்டியது. எழுத்துவரிசை வெகுவாக மாறிப்போன மரபணுவைக் கணினித் தேடல் நேரெதிரே நின்றும் அடையாளம் காணாது.

அப்படியானால் சில்லிட்டைப் பற்றிய கூற்றும் சரியுமா? சரியாது என்பதே என் தீர்ப்பு. சில்லிட்டுக்கு நெருங்கிய உறவான பட்டாணி அசுவினியிலும் இதே பாதையின் உறுப்புகள் இல்லை என்பது 2010-இலேயே வெளியாயிற்று. வெவ்வேறு குழுக்கள், வெவ்வேறு மூலங்களில், ஒரே கிளையின் இரண்டு பூச்சிகளில் ஒரே இடத்தில் ஓட்டையைக் காண்கின்றன. இதைத் தற்செயலான செல்லரிப்பு என்று தள்ள முடியாது. ரோட்னியஸ் சற்று விலகிய கிளை. ஆனால் ‘பாதை இல்லை’ என்பதிலிருந்து ‘அதனால்தான் நோய் பரவுகிறது’ என்பதற்குத் தாவ இந்த மரபணுப் பட்டியல் இடம் தரவில்லை.

சில்லிட் மரபணுத்தொகுதியின் பின்னர் வந்த மூன்றாம் பதிப்பில் துண்டுகள் 13 குரோமோசோம் நீளங்களாகக் கோக்கப்பட்டன. முதலில் அதைச் செய்துவிட்டுக் குறிப்பெழுத உட்கார்ந்திருந்தால் எவ்வளவோ உழைப்பு மிஞ்சியிருக்கும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆயினும் முதல் வரைவின் பொத்தல்களை இன்னின்ன இடம் என்று சுட்டியது அந்த 530 திருத்தங்களுக்குப் பின்னால் இருந்த கண்கள்தான். அதைக் கழித்துவிட்டு மூன்றாம் பதிப்பைப் புகழ்வது அநியாயம்.

இரட்டை இழை ஆர்என்ஏவைக் கொடுத்து ஒரு மரபணுவை அடக்கும் உத்திக்கு இந்தப் பட்டியல்தான் அடிப்படை. மரபணுவின் எல்லை பிசகினால் குறியும் பிசகும். அதனால் ‘இருக்கிறது’ என்று எழுதும்போது காட்டும் கண்டிப்பை ‘இல்லை’ என்று எழுதும்போதும் கேட்கிறேன்: எந்தப் பதிப்பில், எந்தப் பூச்சியின் வரிசையை வைத்து, எந்த ஆர்என்ஏ தொகுப்புகளில் தேடினீர்கள்? ஒவ்வொரு ‘இல்லை’க்கும் பக்கத்தில் இந்த மூன்று விவரங்களும் இருக்கட்டும்.