கடல்கோளும் அமுதசுரபியும்

புகாரைக் கடல் கொண்டமைக்கு, நெடுமுடிக்கிள்ளி இந்திரவிழாவை மறந்தமையை மணிமேகலை காரணமாகக் காட்டுகின்றது. அக்காரணத்தோடு அமைதல் காப்பியத்தை முற்ற உணர்தல் ஆகாது என்பது எம் கருத்து. தனுஷ்கோடியை ஈண்டு ஒப்புநோக்குவோம். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அவ்வூர் அழிந்தது. புகைவண்டியொன்று பயணிகளோடு அலையில் மூழ்கியது. தீர்த்தமாடுவோர் நாடிய அத்துறை தெய்வத்தை மறந்தது என்று யார் கூறவல்லார்?

சாத்தனார் நகரழிவைத் தீவதிலகை முதலியோர் வாய்மொழியாகவே உரைத்தார். உயிர் பிழைத்துக் காஞ்சி போந்த அறவணர், மாதவி, சுதமதி ஆகியோரை மணிமேகலை எதிர்கொண்டு, அடிகளின் தாள் விளக்கி, அமுதூட்டுதலையோ கண்முன் நிகழ்ச்சியாக அமைத்தார். அழிவின் காரணத்தைப் பிறர் சொல்லக் கேட்கின்றோம். எஞ்சியோர்க்குச் சோறிடுதலை நேரே காண்கின்றோம். மன்னன் பிழைக்கு மாந்தர் துயருற்ற கதைக்குப் புலவர் தந்த விடை அமுதசுரபியே எனத் துணிகின்றோம்.