பாசிக்கிளையில் ஒரு வெள்ளைச் சரம்

டயகமவின் தேயிலை மலை முடிகிற பக்கம் ஹோட்டன் சமவெளிக் காடு தொடங்குகிறது. பனிப்புகாரில் நனைந்த பாசிக்கிளைகளில் பூப்பது சீலோஜினி ஓர்க்கிட். 1821இல் ஆங்கிலத் தாவரவியலாளர் ஜோன் லிண்ட்லி இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். நம் மலைநாட்டு இனத்தின் பெயர் ஓடொராட்டிசிமா. மிகுந்த மணமுடையது என்று பொருள்.

மரத்தில் இருப்பதால் ஒட்டுண்ணி என்று நினைக்காதீர்கள். கிளை அதற்குக் குந்துமிடம், அவ்வளவுதான். காய்ந்த வேர் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் பச்சையாகிவிடும். பஞ்சுபோன்ற மேலுறை நீரைக் குடித்துக்கொள்ளும். குடித்ததைச் சேமிக்கத் தண்டே குமிழாகப் பருத்திருக்கிறது; அதன் உச்சியில் இரண்டு இலைகள்.

பூவின் ஆறு மடல்களில் ஒன்று மட்டும் உதடாகி, மஞ்சள் பூசிக்கொண்டு பூச்சியை அழைக்கும். ஆண் பாகமும் பெண் பாகமும் பூவின் நடுவே ஒரே தூணாக இணைந்திருக்கும். மகரந்தம் தூளாக உதிராது. கட்டியாகப் பூச்சியின் உடம்பில் ஒட்டிக்கொண்டு போகும்.

விதையோ வெறும் தூசி. கையில் சோறு கட்டிக்கொள்ளாத பயணம். பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். ஆகவே பிடுங்கிய இடத்தில் இன்னொன்று இலகுவில் வராது. மணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, செடியைக் கிளையிலேயே விட்டுவாருங்கள்.