சரிபாதி என்னும் சாக்கு

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து தனிம வரிசை அட்டவணைப் பாடத்தை என்சிஇஆர்டி நீக்கிய செய்தி 2023-இல் பரவியபோது எழுந்த எதிர்ப்பு நியாயமானது. பாடச் சுமையைக் குறைத்தோம், பதினொன்றாம் வகுப்பில்தான் இருக்கிறதே என்று சொல்லப்பட்ட சமாதானம், பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டு விலகும் பிள்ளைகளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. அதுவரைக்கும் எல்லோருடனும் எனக்கு உடன்பாடுதான். ஆனால் அந்தச் சர்ச்சையின்போது அட்டவணைக்கு ஆதரவாக எழுந்த ஒரு வாதம் இன்னமும் வேதியியல் ஆசிரியர்களின் வாயில் நிற்கிறது. மனப்பாடத்தை நம்பாமல், ‘ஏன்’ என்ற கேள்விக்குக் காரணம் சொல்லிப் புரியவைக்கும் வேதியியல் பாடம் இது ஒன்றுதான் என்கிறார்கள். பண்புகள் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் மாறும் போக்கைத்தான் அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். என் ஆட்சேபம் சரியாக அந்த இடத்தில்தான்.

போக்குகளின் வலிமையை நான் மறுக்கவில்லை. அலுமினியத்துக்குக் கீழே ஒரு தனிமம் இருந்தாக வேண்டும் என்று மெண்டலீவ் 1871-இல் அதன் பண்புகளோடு எழுதிவைத்தார். 1875-இல் லெகாக் த புவாபோத்ரான் காலியத்தைக் கண்டெடுத்து அதன் அடர்த்தி 4.7 என்றார். திரும்ப அளந்து பாருங்கள் என்றார் மெண்டலீவ். அளந்தபோது 5.9 வந்தது. அணு ஆரம் தொடரில் வலப்புறம் போகப்போகக் குறைவதற்கும் தொகுதியில் கீழே போகப்போகக் கூடுவதற்கும் அணுக்கரு மின்சுமையையும் திரைமறைப்பையும் கொண்டு புத்தகம் சொல்லும் விளக்கமும் சரியானதே. பத்தாம் வகுப்புக்கு இரண்டு அம்புக்குறிகள் போதும்.

சிக்கல் அம்புக்குறி பொய்க்கும் இடத்தில் தொடங்குகிறது. நைட்ரஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 1402 கிலோ ஜூல். அதற்கு வலப்புறம் இருக்கும் ஆக்சிஜனுக்கு 1314தான். ஏன் என்று பிளஸ் ஒன் மாணவர் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்: நைட்ரஜனின் 2பி ஆர்பிட்டால்கள் சரிபாதி நிரம்பியவை, சரிபாதி நிரம்பினால் நிலைப்புத்தன்மை அதிகம், ஆகவே எலக்ட்ரானை நீக்க அதிக ஆற்றல் வேண்டும். இரண்டு மதிப்பெண் முழுசாகக் கிடைக்கும். நீட் பயிற்சி வகுப்புகளில் இதுவே ஒற்றை வரியாகச் சுருங்கிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இந்தப் பதிலை எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரைபடத்தாள் போதும். போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402. முதல் ஏற்றம் 285, அடுத்தது 316. மூன்று புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. அடுத்து ஆக்சிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2081. ஏற்றம் 367, பிறகு 400. இவையும் ஒரு கோடு. முதல் கோட்டை ஒட்டிய சாய்விலேயே ஏறுகிறது, ஆனால் ஒரு படி இறங்கித் தொடங்குகிறது. நைட்ரஜன் கோட்டைவிட்டு மேலே துருத்திக்கொண்டு நிற்கவே இல்லை. போரானும் கார்பனும் காட்டிய இடத்தில்தான் அது இருக்கிறது. எதிர்பார்த்த இடத்தில் இல்லாதது ஆக்சிஜன். முதல் கோட்டை நீட்டினால் அது 1700-ஐத் தாண்டி இருந்திருக்க வேண்டும். அடுத்த தொடரிலும் இதே வடிவம்தான்: அலுமினியம் 578, சிலிக்கன் 787, பாஸ்பரஸ் 1012, பிறகு ஒரு படி இறங்கி கந்தகம் 1000, குளோரின் 1251, ஆர்கான் 1521. ஆக, நைட்ரஜனுக்கு ஏன் இவ்வளவு அதிகம் என்பதே தவறான கேள்வி. ஆக்சிஜனுக்கு ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில், குறையாத ஒன்றின் பெருமைக்குக் காரணம் கற்பித்துக்கொண்டிருக்கிறோம்.

சரியான காரணம் ஒன்றும் கடினமானதல்ல. மூன்று பி ஆர்பிட்டால்களிலும் ஆளுக்கொரு எலக்ட்ரான் அமர்ந்த பிறகு வரும் நான்காவது எலக்ட்ரான், ஏற்கெனவே ஒன்று இருக்கும் இடத்தில் எதிர்ச் சுழற்சியோடு நுழைய வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். ஒரே சுழற்சி கொண்ட எலக்ட்ரான்களுக்கு இடையே கிடைக்கும் பரிமாற்ற ஆற்றலும் அதற்கு இல்லை. குரோமியத்துக்காகப் பரிமாற்ற இணைகளை எண்ணிப் பார்க்கப் பிளஸ் ஒன் பாடமே கற்றுத்தருகிறது. அதே கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஒரு எலக்ட்ரானை நீக்கும்போது இழக்கும் இணைகள் போரானுக்கு 0, கார்பனுக்கு 1, நைட்ரஜனுக்கு 2. ஆக்சிஜனுக்கு மறுபடி 0, ஃபுளூரினுக்கு 1, நியானுக்கு 2. இரண்டு கோடுகளும் ஏன் ஒரே மாதிரி ஏறுகின்றன என்பது இந்த ஆறு எண்களிலேயே இருக்கிறது. கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தவேண்டிய இடத்தில் ‘சரிபாதி’ என்ற சாக்கைச் சொல்லி வாயை அடைக்கிறோம்.

எப்படிச் சொன்னாலும் விடை ஒன்றுதானே, இதற்கா இவ்வளவு சண்டை என்று கேட்பார்கள். விடை ஒன்றல்ல. ஒரு காரணம் மெய்யா என்பதை அது எழுதப்பட்ட இடத்தில் சோதிக்க முடியாது. இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் சோதிக்க வேண்டும். அதே இரண்டு தொகுதிகளில் கீழே இறங்குவோம். நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடைவெளி 88. பாஸ்பரஸுக்கும் கந்தகத்துக்கும் 12. ஆர்செனிக்குக்கும் செலினியத்துக்கும் வெறும் 4. ஆண்டிமனிக்கு வரும்போது தலைகீழாகிறது: அதற்கு 831, வலப்புற டெல்லூரியத்துக்கு 869. ஆண்டிமனியின் 5பி சரிபாதி நிரம்பியதுதான். அதன் நிலைப்புத்தன்மை எங்கே போயிற்று? இன்னும் ஒரு படி கீழே பிஸ்மத். அதன் 6பி-யும் சரிபாதிதான். அதற்கு 703. வலப்புறப் பொலோனியத்துக்கு 812 என்பதோடு நிற்கவில்லை, இடப்புறம் இருக்கும் காரீயத்துக்கே 716. சரிபாதி நிரம்பிய அணு, நிரம்பாத தன் இடப்பக்கத்து அணுவைவிட எளிதில் எலக்ட்ரானை இழக்கிறது. கனமான அணுக்களில் எலக்ட்ரானின் சுழற்சியும் சுற்றும் இயக்கமும் ஒன்றோடொன்று பிணைந்து பி மட்டத்தை இரண்டாகப் பிளந்துவிடுகின்றன. கீழ்மட்டத்தில் இருவருக்குத்தான் இடம். அது காரீயத்தோடு நிரம்பிவிடுகிறது. பிஸ்மத்தின் மூன்றாவது எலக்ட்ரான் மேல்மட்டத்தில் இருக்கிறது, ஆகவே சுலபமாகப் போகிறது. விலக்கு விசை, ஆற்றல் மட்டம் என்று படித்த மாணவருக்கு இது அதே பேச்சின் தொடர்ச்சி. சரிபாதியை வேதவாக்காகப் படித்தவருக்கு இது இன்னொரு ‘விதிவிலக்கு’. மனப்பாடப் பட்டியலில் இன்னொரு வரி.

குரோமியத்தின் கதையும் இதுதான். 3டி-யில் ஐந்து, 4எஸ்-இல் ஒன்று. காரணம் சரிபாதி என்கிறோம். அதே தொகுதியில் இரண்டு படி கீழே இருக்கும் டங்ஸ்டன் 5டி-யில் நான்கும் 6எஸ்-இல் இரண்டுமாக இருக்கிறது, சரிபாதியைத் தேடிப் போகவில்லை. நியோபியமோ 4டி-யில் நான்கு, 5எஸ்-இல் ஒன்று என்று பாதியும் இல்லாமல் முழுமையும் இல்லாமல் இருக்கிறது.

வியாதியின் வேர் ‘நிலைப்புத்தன்மை’ என்பதை எல்லாக் கேள்விக்கும் பொது விடையாக்கியதில் இருக்கிறது. எட்டு எலக்ட்ரான் நிலையை அடைவதற்காகச் சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது என்று எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறோம். சோடியம் எதையும் விரும்பிக் கொடுப்பதில்லை. 496 கிலோ ஜூல் செலவழித்துப் பிடுங்க வேண்டியிருக்கிறது. வாயு நிலையில் தனித்திருக்கும் சோடியம் அணுவிடம் இன்னோர் எலக்ட்ரானைக் கொடுத்தால் அதை ஏற்று 53 கிலோ ஜூல் ஆற்றலை வெளியிடவும் செய்கிறது. பிடுங்கியதைக் குளோரின் அணுவிடம் கொடுத்தால் திரும்பக் கிடைப்பது 349. ஆக 147 நட்டம். அந்த நட்டத்தை ஈடுகட்டி உப்பை உண்டாக்குவது அயனிகள் படிகமாக அடுக்கப்படும்போது வெளிப்படும் 787 கிலோ ஜூல். இந்தக் கூட்டல் கழித்தலில் அணுவின் விருப்பத்துக்கு வேலையே இல்லை.

பள்ளிக்கு இது போதும், ஆழமாகப் பிறகு படித்துக்கொள்வார்கள் என்பதுதான் கடைசியாக வரும் தற்காப்பு. அந்தப் ‘பிறகு’ பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. மருத்துவம், பொறியியல் என்று பிரிந்து போகிறவர்களுக்கு வேதியியலில் காரணம் சொல்லும் முறை என்றால் இறுதிவரை இதுதான். பி.எஸ்சி. வேதியியலுக்கு வருகிறவர்களோ சரிபாதியைக் கையோடு கொண்டுவருகிறார்கள். அதைப் பிடுங்கி எறிவதற்குள் ஒரு பருவம் கழிந்துவிடுகிறது. எளிமைப்படுத்துவது வேறு, பொய்யான காரணத்தைச் சொல்வது வேறு. ‘ஆக்சிஜனில் ஒரே ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் நெருக்கியடிப்பதால் ஒன்றை நீக்குவது எளிது’ என்ற வாக்கியம் சரிபாதி வாக்கியத்தைவிட நீளமும் இல்லை, கடினமும் இல்லை. அதைச் சொல்லாமல் விடுவதற்கு மாணவரின் வயதைக் காரணம் காட்டுவது மாணவரை இழிவுபடுத்துவது. காரணம் கற்பிக்கும் பாடம் என்று இதை மெச்சுகிறவர்கள், ஒரு சொல்லை வேறொரு சொல்லால் மாற்றி வைத்ததைத்தான் காரணம் என்கிறார்கள்.

வினாத்தாள் எழுதும் ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான். நைட்ரஜனுக்கு ஏன் அதிகம் என்று இனிக் கேட்காதீர்கள். போரானிலிருந்து நியான் வரை ஆறு எண்களைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். எந்தத் தனிமம் கோட்டைவிட்டு விலகியிருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த வினாவில் காரீயத்துக்கு 716, பிஸ்மத்துக்கு 703 என்று கொடுத்து, சரிபாதி விளக்கம் இங்கே நிற்குமா என்று கேளுங்கள். அதற்கும் இரண்டு மதிப்பெண் கொடுங்கள்.