ஒளித்து வைப்பது ஒழுங்கா?

எங்கள் குடியிருப்பில் பொங்கலையொட்டி நடந்த ‘நம் கையால் நம் வீடு’ போட்டியில் முதல் பரிசு ஒரு கம்ப்யூட்டர் மேசைக்குப் போனது. “ஒரு ஒயர்கூடக் கண்ணில் படவில்லை, பார்த்தாலே மனம் அமைதியாகிறது” என்றார் நடுவர். அந்தத் தீர்ப்பு தவறு.

வீட்டை நம் கையாலேயே ஒழுங்குபடுத்தும் இந்தப் பழக்கத்தில் நல்லது இல்லாமல் இல்லை. ஷூ டப்பாவும் ஜாம் பாட்டிலும் குப்பைக்குப் போகாமல் பயன்படுகின்றன. காசு மிச்சம். செய்த கைக்குக் கிடைக்கும் நிறைவும் உண்மையானது. 2019-ல் வீட்டை ஒழுங்குபடுத்தக் கற்றுத்தரும் மேரி கோண்டோவின் நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகு, வேண்டாததைக் கழிக்கும் துணிவும் பலருக்கு வந்தது.

எனக்குப் பல வருடமாக இருக்கும் மறுப்பு ஒன்றே ஒன்றுதான். தேடும் பொருள் கண்ணில் படுவதற்குத்தான் ஒழுங்கு. இப்போது நாம் செய்வதோ எல்லாவற்றையும் மூடி மறைப்பது.

அஞ்சறைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் அஞ்சறை என்றாலும் எவர்சில்வரில் வருவதில் பெரும்பாலும் ஏழு கிண்ணம். மூடியைத் திறந்தால் கடுகு, சீரகம், மஞ்சள்தூள் எல்லாம் ஒரே பார்வையில். கடுகு தீரப்போவதும் தெரியும். எண்ணெய் காயும்போது யோசிக்க நேரமில்லாத கைக்காகச் செய்த ஏற்பாடு அது. பணியிடத்தை ஒழுங்காக வைக்க ஜப்பானிலிருந்து நம் தொழிற்சாலைகளுக்கு வந்த ‘ஃபைவ் எஸ்’ முறையிலும் இதே அறிவு உண்டு. ஸ்பேனர் மாட்டும் பலகையில் அதன் உருவத்தையே வரைந்து வைப்பார்கள். ஸ்பேனர் திரும்பி வரவில்லையென்றால் வெறும் கோட்டுருவம் தெரியும். இல்லாததையும் காட்டுகிற பலகை.

பரிசு பெற்ற மேசையை அருகில் போய்ப் பார்த்தேன். கிஃப்ட் பேப்பர் ஒட்டிய ஷூ டப்பா, பக்கத்தில் நாணய அளவுக்கு ஒரு துளை. உள்ளே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மூன்று அடாப்டர், மோடம். மிச்ச ஒயரையெல்லாம் சுருட்டிக் கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தார்கள். மூடியில் கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 6 ஆம்பியர்; 230 வோல்ட்டில் ஏறக்குறைய 1,380 வாட்தான் தாங்கும். கம்ப்யூட்டருக்கு அது தாராளம். ஆனால் டப்பாவுக்கு வெளியே இன்னொரு எக்ஸ்டென்ஷன் நீட்டி, அதில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸைச் சொருகும் நாள் வந்தால், உள்ளே ஏற்கெனவே என்னென்ன ஓடுகிறது என்று சொருகுகிறவருக்குத் தெரியாது. சுருட்டிக் கட்டிய ஒயரில் சூடு எளிதில் வெளியேறாது. பிளக் தளர்ந்து கருகத் தொடங்கினால் முதலில் நிறம் மாறும். அதைக் கவனிக்க வேண்டிய கண்ணை, எரியக்கூடிய அட்டையைக் கொண்டே மறைத்திருக்கிறார்கள். இதற்கா பரிசு?

கம்ப்யூட்டருக்குள்ளும் இதேதான். டெஸ்க்டாப்பில் கிடப்பதை அள்ளி ‘பழையது’ என்ற போல்டரில் போடுகிறோம். அடுத்த வருடம் அதற்குள் ‘பழையது 2’. திரை பளிச்சென்று இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எங்கே என்று கேட்டால் வீடே மௌனம். எல்லாம் அதே ஹார்ட் டிஸ்க்கில், நகல் எடுக்காமல்.

ஜப்பானியப் பொருளாதார அறிஞர் யுகியோ நோகுச்சி 1993-ல் எழுதிய புத்தகத்தில் வகை பிரிப்பதையே விடச் சொன்னார். காகிதங்களை உறைகளில் போட்டு வரிசையாக நிறுத்த வேண்டும். எடுத்துப் பயன்படுத்தியதைத் திரும்ப இடது ஓரத்தில் வைக்க வேண்டும். கை படாதவை தாமே வலக்கோடிக்கு நகர்ந்துவிடும். அழகுப் போட்டியில் அதற்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது. தேடியது கிடைக்கும்.

நடுவர் சொன்ன மன அமைதி பார்க்க வந்தவருக்கு. அந்த மேசையில் தினமும் உட்காருகிறவருக்கு வேண்டியது, எந்த ஒயர் எதற்குப் போகிறது என்ற தெளிவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை ஒழுங்கு என்று சொல்ல என்னால் முடியாது.

பரிசு வாங்கியவர் என் அண்டை வீட்டுக்காரர், உழைத்துச் செய்திருக்கிறார். அவரிடம் கேட்பது இதுதான்: கோப்பை உங்களிடமே இருக்கட்டும். இன்று இரவு அந்த டப்பாவை மட்டும் எடுத்துவிடுங்கள்.