குறைத்ததில் வந்த அழகு

மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு அலங்காரம்தான் அழகு. ரொறன்ரோவில் பார்த்த செவ்ரோலே கமாரோ இசட்/28க்கோ, கழற்றிப் போட்டதில் அழகு. இந்தத் தலைமுறையில் 2014, 2015 மாடல்களாக மட்டும், அருகிலுள்ள ஒஷாவா ஆலையில் சொற்ப எண்ணிக்கையில் செய்த கார். அப்போதைய அமெரிக்க விலை சுமார் 75,000 டொலர். அதிலும் ஏசி வேண்டுமென்றால் தனிக்காசு! ஒரேயொரு ஸ்பீக்கர், அதுவும் சீட்பெல்ட் மணி ஒலிக்க. பின்கண்ணாடிகூட மெல்லிசு. எல்லாம் பந்தயத் தடத்துக்காக எடை குறைத்த கணக்கு.

குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தேன். டயரின் அகலம் 305 மில்லிமீற்றர், முழுசாக ஓர் அடி. உள்ளே கார்பன் செராமிக் பிரேக் தட்டு. 7 லீற்றர் வி8 எஞ்சின், 505 குதிரைவலு. ஸ்டார்ட் செய்ததும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. மாத்தளைப் பக்கம் ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் மலை ஏறும் வளைவுகளில் ஓட்டிப் பார்க்க ஆசைதான். ஆனால் அந்தத் தாழ்ந்த முன்பக்கம் முதல் பள்ளத்தைக்கூடத் தாண்டாது.