அஸீஸைப் பற்றி எழுதாமல் விட்டது

ஏ.எம்.ஏ. அஸீஸைப் பற்றி நம்மவர்கள் எழுதியவற்றை வாசிக்கையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபர், செனட்டர், சமூகத்தின் வழிகாட்டி, எல்லாம் வரும். வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர் என்பது மட்டும் ஒரே வரியோடு போய்விடும். விசயமே அந்த வரியில்தானே இருக்கு! 'இலங்கையில் இஸ்லாம்' எழுதிய கையின் தமிழ் எங்கே பழகியது என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து நம் மக்கள் விரட்டப்பட்ட கசப்புதான் அந்த வரியைச் சுருக்கியதோ, என்னவோ.

சைவப் பள்ளியில் படித்ததால் அவர் மார்க்கத்தில் குறைந்துவிடவில்லை. அவர் நடத்திய ஸாஹிராவில் கரவெட்டிக்காரரான கார்த்திகேசு சிவத்தம்பி படித்தார், பின்பு படிப்பித்தார்.

இன்று கலப்புப் பாடசாலைகளில் சமய பாடவேளை வந்ததும் பிள்ளைகள் இஸ்லாம், சைவநெறி, கத்தோலிக்கம் என்று பிரிந்து போகிறார்கள். தன் மார்க்கத்தைப் படிப்பது பிள்ளையின் உரிமை. அதில் கைவைக்கச் சொல்லவில்லை. நம் முஸ்லிம் பாடசாலைகள் பலவற்றில் பிரிந்து போவதற்குக்கூட வேற்று மதப் பிள்ளை இல்லையே, அதுதான் என் கவலை. அந்தப் பாடசாலைகளிலும் அஸீஸ் நினைவுப் பேச்சுகள் நடக்கின்றன. அடுத்த நூலை எழுதுபவர் அந்த யாழ் இந்துக் கல்லூரி ஆண்டுகளுக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கட்டும்.